ஆறு ஆட்டம்

பின்மூலையை உள்ளங்கையால் ஓங்கி அழுத்திவிட்டு
விலகி நில்லுங்க என்றான் ஸ்பேர் கடை நிசாம்.
ஒரு தரம் எழும்பி அமர்ந்தால் பிழையில்லை.
எங்கள் ஆம்னி
எழும்பியது, தணிந்தது, மறுபடி எழும்பியது,
வாசல்வரை வந்தும் போக மனமில்லாத
விருந்தாளியைப் போல.
களியக்காவிளைச் சந்தை இரைச்சலில் நின்று எண்ணினேன்.
ஆறு.

"ஷாக் அப்சார்பர் செத்து வருஷமாச்சு அண்ணே.
இவ்வளவு நாள் அடியெல்லாம் ஆரு வாங்கினா?"

பாறசாலை ஆஸ்பத்திரியில்
என் முதுகுப் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தபடி
டாக்டரம்மாவும் ஏறக்குறைய இதையே கேட்டாள்,
மலையாளத்தில்.

கல் லாரிகள் போய்ப் போய்
பனச்சமூட்டுப் பாதையில்
குழிகளுக்கு நடுவே கொஞ்சம் ரோடு கிடக்கிறது.
எல்லையில் பலகையின் எழுத்து மாறும்.
குழி அப்படியே தொடரும்.
போன மாசியில் நெடுமங்காட்டில் இறக்கியபோது
நாலு பெட்டியில் அடை அறுந்து
தன் தேனிலேயே மூழ்கிக் கிடந்தாள் ராணி.

இந்த வருஷமும் அங்கே ரப்பர் தளிர்த்துவிட்டது.
இலைக்காம்பில் தேன் ஊறுவது சில வாரம்தான்.
பதினெட்டுப் பெட்டி காத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது,
ஜோடியாகத்தான் என்றான் நிசாம்.
வளையலும் ஜோடியாகத்தான் போனது பேங்குக்கு.
ரோஸ்லெட்டிடம் சொல்லவில்லை.
மெக்கானிக் கூலிக்கு மிச்சமும் இல்லை.

முற்றத்தில் ஜாக்கி, முன்சக்கரத்துக்குக் கல்,
ஆக்சிலுக்கு அடியில் அயனித்தடி முட்டு.
"நீங்க குனியாண்டாம், சாமான் எடுத்துத் தந்தாப் போதும்"
என்று அட்டையை விரித்து அவள் உள்ளே நகர்ந்தாள்.
வெளியே பாதம் மட்டும்.
பதினேழு என்றால் பதினேழு கொடுத்தேன்,
சுத்தியல் என்றால் சுத்தியல்.
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் குடித்தும்
இளகாத போல்ட்டைப் பார்த்து
பதினோரு வருஷத்தில் நான் கேட்டிராத
இரண்டு வார்த்தை சொன்னாள்.

ஸ்பானரின் வாலில் பம்புக்குழாயைச் செருகி மிதித்தபோது
டக்.
ஒடிந்ததா, இளகியதா?
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு அடியிலிருந்து சிரிப்பு.

மேல் போல்ட் வேறு மாதிரி.
நட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றியது.
ஒருத்தர் தலையைப் பிடிக்காமல் முடியாது.
முதுகைப் பைய மண்ணில் சாய்த்து
நானும் உள்ளே போனேன்.
துருப்பொடி கண்ணில் விழ
ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்.
எதற்கு அப்போது சொன்னேனோ தெரியவில்லை:
"வளையலை..."

"தெரியும்" என்றாள்.
"ரசீதை பைபிளுக்குள்ள வச்சா
ஆருக்குத் தெரியாது?
பிடியுங்க. விடாதீங்க."

கழற்றியதை நிறுத்தி அமுக்கினேன்.
போனது. போன இடத்திலேயே இருந்தது.
எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்த பிசின்
கையில் ஒட்டியது.
புதியதன் கட்டை அவள் அறுத்துவிட்டாள்.
யாரும் தொடாமலே
தூங்கி எழுகிறவன் சோம்பல் முறிப்பதுபோல்
மெல்ல நீண்டது அது.
நிசாம் சொன்னபடி நிமிர்த்தி வைத்து
ஐந்து தரம் அமுக்கி, பிறகு ஏற்றினோம்.
கடைசி முறுக்கை மட்டும்
வண்டியைத் தரையில் இறக்கி
எடை ஏறிய பின்னால் போட்டோம்.

மூலையை அழுத்தினாள் ரோஸ்லெட்.
ஒரே எழும்பல். அமர்ந்துவிட்டது.
நம்பாமல் நானும் அழுத்தினேன்.

இருட்டியதும் வாசலில் துணி அடைத்துப்
பெட்டிகளை அவளே ஏற்றினாள்.
செக்போஸ்டில் போலீஸ்காரர்
உள்ளே எந்தா என்று கண்ணாடியில் காதை வைத்து
இரண்டடி பின்வாங்கிக் கையைக் காட்டினார்.
வெள்ளறடை இறக்கத்தில் அந்தப் பெரிய குழி.
பல்லைக் கடித்தேன்.
பின்னால் ரீங்காரம்
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வலப்பக்கம் மட்டும் சின்னதாக ஒரு டிக்.
மறுபடி, டிக்.
"வாஷர் ஒண்ணு விட்டுப்போச்சோ?"
கண்ணைத் திறக்காமலே
சுடிதார்ப் பையிலிருந்து எடுத்து
டேஷ்போர்டில் வைத்தாள்.
"நாளைக்கு" என்றாள்.